தலைக்கு மேல் காய்த்த ஏலக்காய்

கூட்டாகச் சேர்ந்து படம் வரையலாம் என்று முதலில் யோசித்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வீடு தேடிப் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். தேரைச் சேர்ந்து இழுக்கலாம், கும்மியைச் சேர்ந்து அடிக்கலாம். ஒரே தாளில் நாலு பேர் படம் போடுவது ஒரே சட்டைக்குள் நாலு பேர் கையை விடுவது மாதிரிதான். எழுபதுகளின் கடைசியில், போடிநாயக்கனூரில் விளக்கப்படம் படித்த இரண்டு வருஷத்தில், அந்தச் சட்டைக்குள் நானும் கையை விட்டேன். இத்தனை காலத்துக்குப் பிறகும் நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. முதலில் மற்ற மூன்று பேர் மேல் வரும். கடைசியில் என் மேல் வந்து நிற்கும்.

எங்கள் ஓவியப் பள்ளி ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியின் மாடியில் இருந்தது. கீழே மூட்டைகள், மேலே நாங்கள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுளகில் காயைப் பரப்பி, பெரியது, சிறியது, வெடித்தது என்று பிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் தாண்டித்தான் மேலே ஏற வேண்டும். என் தாவணி, பென்சில் பெட்டி, தாள் எல்லாவற்றிலும் ஏலக்காய் வாசனை ஏறியிருக்கும். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன், "பாயாசம் வந்துருச்சு" என்பான்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பாடப் புத்தகத்துக்கும் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டும் படங்களுக்கும் வரைவதுதான் அவர் கற்றுத்தந்த வேலை. "அழகா இருக்கான்னு அப்பறம் பார்க்கலாம். பார்க்கிற பிள்ளைக்குச் சந்தேகம் வரக் கூடாது. அதுதான் விளக்கப்படம்" என்று வாரம் ஒரு முறையாவது சொல்லிவிடுவார். நான் அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன்.

படிப்பு முடியும்போது இரண்டு வேலைகளைக் காட்ட வேண்டும். ஒன்று, நாலு பேர் சேர்ந்து செய்யும் குழுப் பணி. இன்னொன்று அவரவர் தனிப் பணி. அந்த வருஷம் கூடுதலாக ஒரு விஷயம் இருந்தது. மதுரையில் பள்ளிச் சுவர்ப்படங்கள் அச்சிடும் அச்சகம் ஒன்றின் மேலாளர் எங்கள் வேலைகளைப் பார்க்க வரப் போவதாகவும், படம் வரைய ஒருவரை மட்டும் வேலைக்கு எடுத்துக்கொள்ளப் போவதாகவும் சார் சொன்னார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரு சோலி இருந்தது. அப்பாவுக்குத் தென்னந்தோப்பு, அண்ணனுக்கு வயல், அம்மாவுக்கு மாடுகளும் நாங்களும். என் படம் மட்டும் சோலியில் சேராது. "பிள்ள சும்மா இருக்க மாட்டாம என்னமோ கிறுக்குது" என்று விருந்தாளிகளிடம் சொல்வார்கள். படம் போடுவதற்காக ஒருத்தர் என்னை வேலைக்கு வா என்று கூப்பிட வேண்டும், அதை அண்ணன் காதால் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அது உயிர்போகிற மாதிரி வேண்டியிருந்தது.

குழுப் பணிக்கு எங்களுக்கு விழுந்த தலைப்பு, ஏலக்காய் விளையும் விதம். போடியில் வேறு என்ன விழும்? என்னோடு மாட்டிய மூன்று பேருக்கும் நான் மனதுக்குள் பெயர் வைத்திருந்தேன். ஒருவர் கடைக்காரர். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக ஏலக்காய் வியாபாரம். எங்கள் குழுவுக்கு அவராகவே தலைவர் ஆகிவிட்டார். அடுத்தவர் எழுத்துக்காரர். லாரிகளுக்கு நம்பரும் முதலாளி பெயரும் எழுதும் குடும்பம். மூன்றாமவர் காய்ச்சல்காரர். வேலை கொடுத்த அன்று அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். மூவரும் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்கள் என்பதால், சண்டை போட்டாலும் 'அண்ணே' என்று மரியாதையாகக் கூப்பிட்டுத்தான் சண்டை போட வேண்டும்.

தாள் ஒன்றுதான். மதுரையிலிருந்து ரயிலில் வந்த பெரிய கெட்டித் தாள். அதைச் சுருட்டி வைக்க எழுத்துக்காரர் ஒரு தகரக் குழாய் செய்து கொண்டுவந்தார். ஆளுக்கு மூன்று நாள் தாளை வைத்திருந்து தன் பங்கை வரைந்துவிட்டு, சைக்கிள் கேரியரில் கட்டி அடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. கடைக்காரர் முதலில் செடிகளைப் பென்சிலில் போட்டார். அடுத்து எழுத்துக்காரர், படம் வரும் வரைக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், 'ஏலக்காய் விளையும் விதம்' என்று லாரி நெற்றியில் எழுதுகிற அளவில் எழுதி நிழலும் கொடுத்துவிட்டார். வானம் முழுக்கப் போய்விட்டது. காய்ச்சல்காரர் ஒன்பது நாள் தாளை வைத்திருந்து, மூலையில் ஒரு மலையை மட்டும் வரைந்து அனுப்பினார். என் கைக்கு வந்தபோது, சாரிடம் முதல் முறை காட்ட மிச்சம் இருந்தது ஒன்றரை நாள்.

கடைக்காரர் வரைந்த செடி, பக்கத்தில் ஆள் நின்றால் ஆளைவிட உயரம். உச்சியில், இலைகளுக்கு நடுவே, திராட்சைக் குலை மாதிரி ஏலக்காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. ஏலக்காய் வீட்டுப் பிள்ளை வரைந்தால் சரியாகத்தான் இருக்கும். எனக்கும் வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த காய் எல்லாம் தென்னையில், மாமரத்தில், முருங்கையில் தலைக்கு மேலே காய்த்தது. ஏலக்காய் எங்கள் ஊருக்கு மூட்டையில் இறங்கி வரும் ஒரு சாமான். பிறந்ததிலிருந்து அந்த வாசனையிலேயே வளர்ந்த நாங்கள் நாலு பேரும் அந்தச் செடியைக் கண்ணால் பார்த்ததில்லை. தினமும் விடியற்காலையில் எங்கள் தெருமுனையில் ஜீப்பு ஏறி மலைக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கத் தோன்றவே இல்லை.

அந்தக் கொத்துகளுக்குப் பளிச்சென்ற பச்சை கொடுத்தது நான்தான். அவற்றைப் பறிக்கிற மாதிரி மூன்று பெண்களை நிற்க வைத்ததும் நான்தான். கையைத் தூக்கி, முகத்தை அண்ணாந்து, இடுப்பில் கூடை. ஒருத்தி சிரிக்கிறாள். நான் அதுவரை வரைந்ததில் அவர்கள்தான் அழகு. சார் பார்த்துவிட்டு, "மூணு பேரும் மூச்சு விடுறாங்கம்மா" என்றார். வீட்டுக்கு நடந்து வந்தது நினைவில்லை, பறந்துதான் வந்திருப்பேன்.

அந்த மிதப்பில், தனிப் பணிக்கும் காய் பறிக்கும் பெண்ணையே எடுத்துக்கொண்டேன். ஒரே ஒருத்தி, பெரிதாக, கையைத் தூக்கியபடி. ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. காயைக் கிள்ளும்போது விரல்கள் எப்படி மடங்கும்? அதைப் பார்த்து வரத்தான் மலைக்குப் போக நினைத்தேன். அடுத்த தெருவில் ஓர் அக்கா தினமும் போடிமெட்டைத் தாண்டி ஒரு தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போவார். அவரோடு போகிறேன் என்றதும் அம்மா அடுப்பிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"கூலிக்குப் போறவுக ஜீப்புலயா? பாத்தவுக என்ன சொல்லுவாக?"

"பரீச்சைக்கும்மா. போகலைன்னா மார்க்கு இல்ல."

பரீச்சை என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரு பயம் உண்டு. அனுப்பிவிட்டார்கள்.

எட்டுப் பேர் உட்கார வேண்டிய ஜீப்பில் இருபது பேர் இருந்தோம். நான் பாதி அக்கா மடியிலும் பாதி யாரோ ஒருவருடைய தூக்குவாளி மேலும் உட்கார்ந்திருந்தேன். அடிவாரத்தில் முந்தல் தாண்டி மலை வளைவுகள் தொடங்கியதும் என் வரைபலகை இடது பக்கத்துப் பெண்ணின் விலாவிலும் வலது பக்கத்துப் பெண்ணின் விலாவிலும் மாறி மாறிக் குத்தியது. ஒருவரும் திட்டவில்லை. "அந்தப் பலகைய இங்கிட்டுக் கொண்டா" என்று ஒருவர் வாங்கி ஜீப்புக் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் நான் அண்ணாந்து பார்த்தபடி நடந்தேன். செடிகள் என் தலைக்கு மேலே போயின. இலை, அதற்கு மேலே இலை, அதற்கும் மேலே நிழல் மரங்கள். கழுத்து வலித்தது. காய் ஒன்றையும் காணோம். காய்ப்பு முடிந்த இடத்துக்கு என்னைக் கூட்டி வந்துவிட்டார்களோ என்று நினைத்துத் திரும்பினால், இவ்வளவு நேரம் பேசிக்கொண்டே வந்த அத்தனை பெண்களும் மாயமாகி இருந்தார்கள்.

"ஏத்தா, அங்கிட்டு என்னத்தப் பாக்குற? தேன்கூடா?" அக்காவின் குரல் என் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"காயைக் காணோமேக்கா."

"காலுக்குக் கீழ பாரு. மிதிச்சுப்புடாத."

குனிந்தேன். செடியின் தூரிலிருந்து மெல்லிய தண்டுகள் கிளம்பி, தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தன. அதைச் சரம் என்கிறார்கள். அந்தச் சரத்தில்தான் காய், மண்ணில் பட்டும் படாமலும், ஈரத்தோடு. இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்ளைப் பூ, அதன் நாக்கில் ஊதாக் கோடு. பெண்கள் குத்தவைத்து, தலையில் சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தூரைத் துழாவி, முற்றிய காயை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் மேல காய்க்கும்னுல்ல நெனச்சேன்" என்று சொல்லிவிட்டேன்.

"ஏய், இங்க கேளுங்கடீ! இந்தப் பிள்ள ஏலக்காய மேல தேடுதாம்!" என்று அக்கா கத்தினார். இலைகளுக்கு அடியில் நாலா பக்கமும் சிரிப்பு எழுந்தது. ஒரு முகமும் தெரியவில்லை. கங்காணி வந்து, "எந்தா இவிடே? இதாரு?" என்று மலையாளத்தில், இங்கே என்ன, இது யார் என்று அதட்டியதும்தான் அடங்கியது. போடிக்காரி, படம் வரைய வந்திருக்கிறாள், ஏலக்காய் எங்கே காய்க்கும் என்று தெரியாது என்று அவருக்கும் எடுத்துச் சொன்னார்கள். அவரும் சிரித்தார்.

வெட்கத்தில் காது சூடானது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் என் இரண்டு வருஷப் படிப்பில் உருப்படியான ஒரு நாள். நின்றுகொண்டு வரைந்தால் சாக்கும் முதுகும்தான் தெரிந்தன. உட்கார்ந்து பார்த்தேன், அப்போதும் முகம் வரவில்லை. கடைசியில் ஈர மண்ணில் முழங்கையை ஊன்றிப் படுத்தேன். அக்கா எனக்காக நிற்க மாட்டார். "நீ பாட்டுக்கு வரை, நான் பாட்டுக்கு எடுக்கேன். நின்னா கங்காணி கத்துவாரு" என்று செடிக்குச் செடி நகர்ந்துகொண்டே இருந்தார். நான் பலகையை இழுத்துக்கொண்டு தவழ்ந்தேன். அட்டைகள் என்னைக் கடித்த இடங்களில் சுண்ணாம்பு தடவிவிட்டார்கள். தரையிலிருந்து பார்க்கும்போது கைகள்தான் முன்னால் பெரிதாக வந்தன, சாறு ஏறிக் கறுத்த விரல்களோடு. பின்னால் தூண்கள் மாதிரித் தண்டுகள். அவற்றுக்கு இடையே, நிழலில், தன் விரலையே பார்த்துக்கொண்டிருக்கும் முகம். சாரல் தாளை நனைக்கும்வரை வரைந்தேன். தனிப் பணிக்கு இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

மதியச் சோற்றின்போது அக்கா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "எங் கையி இம்புட்டுக் கறுப்பாவா இருக்கு?" என்றார். பிறகு, "சரத்தச் சரியாப் போட்டுருக்க" என்றார். சார் எத்தனையோ முறை என்னைப் பாராட்டியிருக்கிறார். இந்த ஒரு வாக்கியத்துக்கு வந்த சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

மறுநாள் காலையில் மாடி ஏறியதும் சொன்னேன். குழுப் படம் தப்பு. காய் தரையில்தான் காய்க்கிறது. என் பெண்கள் மூவரும் காற்றில் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். அழித்துவிட்டுப் புதிதாக வரைய வேண்டும்.

கடைக்காரர் பென்சிலைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இந்தா பாரு பிள்ள, மூணு தலமொறயா எங்க வீட்டுல ஏலக்காதான் சோறு போடுது. எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

"உங்க வீட்டுல கேட்டுப் பாருங்கண்ணே."

கேட்டுவிட்டுத்தான் வந்தார். அவருடைய அப்பா, 'மேல காச்சா என்ன, கீழ காச்சா என்ன, காயி நல்ல காயான்னு மட்டும் பாரு' என்று சொன்னாராம். அதைத் தன் கட்சிக்குச் சாட்சியாக அவர் எங்களிடமே சொன்னார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

எழுத்துக்காரருக்கு ஒரே கவலை, புதுத் தாள் என்றால் தலைப்பை இன்னொரு தடவை நிழலோடு எழுத வேண்டும். காய்ச்சல்காரர், "எனக்கு எதுன்னாலும் சம்மதம்" என்றார். அந்தச் சம்மதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சாரிடம் போனேன். அவர் என் தனிப் படத்தையும் குழுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தார். பார்க்கிற பிள்ளைக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று சொன்ன அதே சார், "எல்லாரும் உட்கார்ந்துட்டா படத்துல பாதி காலியாப் போயிடுமேம்மா. குழுவுக்குள்ள பேசி முடிவு பண்ணிக்கோங்க" என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். நோட்டின் முதல் பக்கத்தைக் கிழித்து அவர் மேசை மேல் வைத்துவிட்டு வரலாமா என்றிருந்தது.

முழுப் படத்தையும் நானே தனியாகத் திரும்ப வரைகிறேன் என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

"அப்ப அது கூட்டு வேலையா? ஓன் வேலை" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

மூன்று வாரம் சண்டை போட்டேன். மெருகு போட இரண்டாம் சுற்றில் தாள் என் முறைக்கு வந்த ஒரு நாள், பிளேடை எடுத்து உச்சியிலிருந்த ஒரு கொத்தைச் சுரண்டினேன். தாள் பஞ்சு பஞ்சாகக் கிளம்பிக்கொண்டது. மறுநாள் கடைக்காரர் ஒன்றும் பேசாமல் அந்த இடத்தில் ஒரு கிளியை வரைந்து மூடிவிட்டார். ஏலத்தோட்டத்தில் உச்சியில் உட்கார்ந்து ஏலக்காய் தின்னும் கிளி! "அண்ணே, ஒரே ஒரு நாள் மலைக்குப் போயிப் பாத்துட்டு வாங்க. அதுக்கப்பறம் நான் வாயத் தெறக்கல" என்று கெஞ்சியும் பார்த்தேன். "எனக்கு வேற சோலி இல்லன்னு நெனச்சியா?" என்றார்.

மேலாளர் வரும் நாளும் வந்தது. படங்களைச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தோம். குழுப் படம் நடுவில். என் தனிப் படத்தை, வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன், சார் ஜன்னல் ஓரத்தில் மாட்டியிருந்தார். மற்ற இருவரும் சலவைச் சட்டையில் வந்து நின்றார்கள். கடைக்காரரை மட்டும் காணவில்லை.

மேலாளர் மெதுவாகப் பேசுகிற மனிதர். குழுப் படத்தின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். கிளியைப் பார்த்துச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இந்தப் பெண்களை வரைந்தது யார்?" என்று கேட்டார்.

"நான்தான் சார்."

"கடைசி பெஞ்சுல இருக்கிற பிள்ளைக்கும் இந்த முகம் தெரியும்மா. எனக்கு இப்படி வரையிற ஆள்தான் வேணும்."

அண்ணனின் முகம் கண்ணுக்கு வந்தது. மேலாளர் நகர்ந்து ஜன்னல் ஓரத்துக்குப் போனார். படத்துக்குக் கீழே இருந்த பெயரைப் படித்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் குழுப் படத்தைப் பார்த்தார்.

"இதுவும் நீங்கதானா? அதுல காய் மேலே இருக்கு. இதுல தரையில கிடக்கு. எதும்மா சரி?"

சார் தரையைப் பார்த்தார். எழுத்துக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், கெடுத்துவிடாதே என்று நிழல் கொடுத்து எழுதியிருந்தது. கதவுப் பக்கம் ஆள் அசைந்த மாதிரி இருந்தது. கடைக்காரர் வந்து நின்றுகொண்டிருந்தார். தலை நனைந்து, வேட்டி முழுக்கச் சேறு, கணுக்காலில் ரத்தம் கோடாக வழிந்து காய்ந்திருந்தது. அவர் வாயைத் திறந்து, "சார், அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்கு அந்த நொடியில் தெரியாது. மறுபடியும் மூன்று தலைமுறைக் கதையை ஆரம்பித்து என் வேலையைக் கெடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரை முந்திக்கொண்டு நான் சொன்னேன்:

"குழுப் படம்தான் சார் சரி. காய் மேலதான் காய்க்கும். இது... கீழ விழுந்த காயைப் பொறுக்குற மாதிரி வரைஞ்சேன்."

மூன்று வாரம் ஊரையே இரண்டாக்கிய வாய்தான் அது. மேலாளர் தலையாட்டினார். "பொறுக்குறதை எல்லாம் சுவர்ப்படத்துல காட்ட வேண்டாம்மா" என்றார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே தம்பி?" என்று கேட்டார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது.

"ஒண்ணுமில்ல சார். ஜீப்பு லேட்டாயிருச்சு" என்றார்.

எல்லாம் முடிந்து கீழே இறங்கியபோது, சுளகுப் பெண்களுக்குப் பக்கத்தில் அவர் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சொம்பைக் கீழே வைத்தார்.

"நேத்துக் காலையில போனேன். ராத்திரி அங்கனயே தங்கிட்டேன். நானும் அண்ணாந்து பாத்துக்கிட்டே போயி நாலு சரத்த மிதிச்சுப்புட்டேன் பிள்ள. அங்க உள்ளவுக வைஞ்ச பெறவுதான் கீழ பாத்தேன்."

மறுபடியும் சொம்பை எடுத்து அடுத்த காலில் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"நாலு பேரு மார்க்கும் போனாப் போகட்டும், ஒத்துக்கிருவோம்னுதான் ஓடியாந்தேன். நீ ஏன் அப்பிடிச் சொன்ன?"

"எனக்கு அந்த வேலை வேணும்ணே."

என் மேல் அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், எனக்கு அதுதானே பழக்கம். அவர், "சரி, வெரசாப் போ. வீட்டுல சொல்லு" என்றார். திட்டின மாதிரி இல்லை. நிஜமாகவே சந்தோஷமான செய்தியைக் கொண்டுபோகச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வேலை கிடைத்தது. அண்ணன் காதால் கேட்டான், தெருவெல்லாம் சொன்னான். குழுப் பணிக்கு எங்கள் நாலு பேருக்கும் நல்ல மார்க். தனிப் பணிக்கு வகுப்பிலேயே குறைந்த மார்க் எனக்கு. சுவர்ப்படத்துக்குப் பொருந்தாத கோணம் என்று சார் குறிப்பு எழுதியிருந்தார். அக்காவைத் தெருவில் பார்த்தபோது, "நம்ம படம் என்னாச்சு?" என்று கேட்டார். மார்க் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

போடியிலிருந்து ரயிலேறி மதுரை போனேன். அச்சகத்தில் ஜன்னலோரமாக எனக்கென்று ஒரு மேசை, நான் ஆசைப்பட்ட மாதிரியே. முதல் நாள் மேலாளர் எங்கள் குழுப் படத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். அச்சடிக்க உலோகத் தகட்டில் பிளாக் செய்ய வேண்டும், பென்சிலும் வண்ணமும் உதவாது, இந்திய மையில் கோடு கோடாக முழுப் படத்தையும் திரும்ப வரைய வேண்டும் என்றார்.

பேனாவை மையில் தொட்டுக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இப்போது சொன்னால்கூடச் சரிசெய்துவிடலாம். தாளும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது, குழுவும் இல்லை, தடுக்க யாரும் இல்லை. சொன்னால், அன்று சொன்னது பொய் என்று ஆகும். உச்சியிலிருந்து ஆரம்பித்தேன். இலைகளுக்கு நடுவே ஒரு கொத்து, அதற்குப் பக்கத்தில் இன்னொரு கொத்து. போடியில் தெரியாமல் அவற்றுக்குப் பச்சை அடித்தேன். மதுரையில் ஒவ்வொரு காயையும் தெரிந்தே வரைந்தேன். மூன்று நாளில் முடித்துக் கொடுத்தபோது மேலாளர் இரண்டு படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். புதியதில் காய்கள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன என்றார்.